அட்டையில் கட்டிய அல்டன்பேக்கன் சந்தி

ஜேர்மனியில் இருக்கும் மச்சான் போன முறை வந்தபோது மகனுக்கு ஒரு பெட்டி கொண்டுவந்தார். உள்ளே தடித்த அட்டையில் வெட்டிய துண்டுகள். ஒட்டி முடித்தால் அல்டன்பேக்கன் என்ற ஜேர்மன் ஊரின் ரயில் சந்தி, அதற்குப் பக்கத்தில் கல் பாலத்தின் நான்கு வளைவுகள், எல்லாமே அசலில் 160இல் ஒரு பங்கு. மூன்று சனி ஞாயிறு கல்லடி வீட்டு விறாந்தையில் இருந்து நானும் அவனும் கட்டி முடித்தோம். இப்படி ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், தாராளமாக வாங்குங்கள், ஆனால் மாரி மழை தொடங்க முதல் கட்டி முடித்துவிடுங்கள்.

அந்த ஊரின் கதை தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். அல்டன்பேக்கன் பாடர்போர்ன் நகரத்துக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் இருக்கும் சின்ன ஊர். பள்ளத்தாக்கைக் கடக்க 1851இல் தொடங்கி 1853இல் ஒரு பாலம் கட்டி முடித்தார்கள், 482 மீற்றர் நீளம், 35 மீற்றர் உயரம், 24 வளைவுகள், பிரஷ்ய அரசரே வந்து திறந்து வைத்தார். ஆனால் அன்றைக்கு அது சந்தி இல்லை, ஒரே பாதைதான் தெற்கே வார்பர்க் பக்கம் போனது. 1864இல் மலையைக் குடைந்து ஹொக்ஸ்டர் பக்கம் இன்னொரு பாதை பிரிந்தபோதுதான் சந்தி ஆனது. பிறகு 1872இல் ஹனோவர் பாதையும் வந்து சேர, நாட்டின் மேற்கையும் கிழக்கையும் இணைக்கிற முடிச்சாகவே அந்தச் சின்ன ஊர் மாறிவிட்டது. அதனாலேயே போரில் அடியும் வாங்கியது. 1944 நவம்பரிலும் 1945 பெப்ரவரியிலும் குண்டு போட்டுப் பாலத்தை உடைத்தார்கள். திரும்பக் கட்டி, இன்றைக்கும் அதன் மேல் ரயில் ஓடுகிறது. போர்க்காலத்தில் கோச்சி வராத வருடங்களைப் பார்த்த எங்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

சரி, பொருளுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்தது கட்டிடம் இல்லை, அடித்தட்டு. பாதைகள் எந்த இடத்தில் பிரிகின்றன, எது சுரங்கத்தின் பக்கம் திரும்புகிறது என்பதை அதில் அவ்வளவு கவனமாக அச்சடித்திருக்கிறார்கள். மட்டக்களப்பிலிருந்து ரயிலில் திருகோணமலைக்குப் போகக் கல்லோயா சந்தியில் இறங்கி மாறிய ஞாபகம் மகனுக்கு இருந்தது, தட்டைப் பார்த்ததுமே "அப்பா, இது கல்லோயா மாதிரி" என்றான். சந்தி என்றால் என்ன என்று நான் ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தியிருந்தாலும் அவனுக்கு இவ்வளவு தெளிவாகப் பிடிபட்டிருக்காது.

வளைவுகளும் நல்ல வேலைப்பாடு. நான்குக்கே அரை மீற்றர் நீளம் வருகிறது, 24ஐயும் கட்டினால் மூன்று மீற்றர், எங்கள் விறாந்தை காணாது. தூண்கள் 22 சென்ரிமீற்றர் உயரம் என்பதால் ஒட்டும்போது சாய்ந்துவிடும், இரண்டு பக்கமும் புத்தகம் அடுக்கிக் காய விடுங்கள்.

குறைகளும் இருக்கின்றன. விளக்கத்தாள் முழுக்க ஜேர்மன் மொழியில், படங்களும் சின்னன். மச்சானுக்கு வட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பித்தான் பாதி வேலை நடந்தது. கூரைத் துண்டு ஒன்று பெட்டியில் இல்லவே இல்லை, பால்மா பெட்டி அட்டையில் அளந்து வெட்டிப் பூசினோம், இப்போது பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கூட வந்த பசை எங்கள் வெக்கைக்கு ஒட்ட முதலே காய்ந்துவிடுகிறது, இங்கே கடையில் விற்கிற பைண்டர் கம்மே போதும். அப்புறம் வாவிக் காற்றின் ஈரம். வார்னிஷ் பூசாமல் வைத்த ஒரு தூண் இரண்டு கிழமையில் ஊதிவிட்டது, ஆகவே ஒட்டி முடித்ததும் மெல்லிசாக ஒரு பூச்சுக் கொடுங்கள். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையிடம் பிளேட்டைக் கொடுக்காதீர்கள்.

மிஞ்சிய அட்டையை மகன் எறிய விடவில்லை. அதில் கல்லோயாவைக் கட்டப் போகிறானாம், அங்கே எத்தனை தண்டவாளம் இருக்கிறது என்று எண்ணி வர அடுத்த விடுமுறைக்குக் கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறான்.