"செலவைப் பகிர்ந்தால் போதும்" என்று கூப்பிடும் படகில் ஏறுவதற்கு முன்

மலேசியாவின் லங்காவித் தீவிலிருந்து இலங்கைக்குப் போகும் பாய்மரப் படகுக்கு ஆள் வேண்டும்; அனுபவம் அவசியமில்லை, சம்பளம் கிடையாது, செலவைப் பகிர்ந்துகொண்டால் போதும். ஜனவரி, பிப்ரவரியில் இப்படி அழைப்புகள் நிறையவே வரும். வடகிழக்குப் பருவக்காற்று சீராக வீசும் காலம் அது. மேற்கே போக நினைக்கும் படகுகள் அப்போதுதான் கிளம்பும். பெரும்பாலான அழைப்புகள் நேர்மையானவை. நான் ஏறிய படகு அந்த ரகமில்லை. அதே மனிதர் இந்தப் பருவத்துக்கும் ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

படகு 42 அடி, ஃபைபர், ஒற்றைப் பாய்மரம். உரிமையாளரே ஸ்கிப்பர், அதாவது படகை நடத்தும் தலைவர். ஓய்வுபெற்ற வெளிநாட்டுக்காரர், பேச்சில் தேன் ஒழுகும். நாளுக்கு 80 வெள்ளி (ரிங்கிட்) பங்கு, அதுபோக 1,500 வெள்ளி முன்பணம். முன்பணத்துக்கு அவர் சொன்ன காரணம்: "நீ நடுவில் இறங்கிவிட்டால் குடிநுழைவுத் துறை என்னைத்தான் பிடிக்கும். உன்னை ஊருக்கு அனுப்ப வைத்திருக்கும் பணம் இது. கடைசியில் திருப்பிக் கொடுத்துவிடுவேன்."

இதில் பாதி உண்மை. பல நாடுகளில், படகில் வந்து இறங்கும் ஆட்களுக்கு ஸ்கிப்பர்தான் பொறுப்பு. ஆனால் ஒழுங்கான ஸ்கிப்பர் என்ன செய்வார் என்றால், தேதி மாற்றக்கூடிய திரும்பும் விமான டிக்கெட்டை உங்கள் பெயரில் உங்களையே வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வார். அவர் கவலையும் தீர்ந்தது, பணமும் உங்களிடமே இருக்கும். இவருக்கு ரொக்கம்தான் வேண்டும். ரசீது கேட்டபோது, "கடலில் வார்த்தைதான் ரசீது" என்று சிரித்தார்.

லங்காவிக்குப் போய்ப் பார்த்தால் படகு தண்ணீரிலேயே இல்லை. கரையேற்றி, முட்டுக் கொடுத்து நிறுத்தி வைத்திருந்தார்கள். "ரெண்டு நாள் வேலை, அப்புறம் இறக்கிவிடலாம்." அந்த இரண்டு நாள் முடியவே இல்லை. படகின் அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க ஒரு பெயிண்ட் அடிப்பார்கள், பெரும்பாலும் செம்பு கலந்தது. பழைய பெயிண்டைச் சுரண்டித் தேய்க்கும்போது பறக்கும் தூள் விஷம், நல்ல மூக்குக் கவசம் இல்லாமல் பக்கத்திலேயே போகக்கூடாது. எங்களுக்கு அவர் கொடுத்தது ஒரு பழைய துண்டு. லங்காவி வெயிலில் பகல் முழுக்கத் தேய்ப்போம். பசியாறுவதற்கு ரொட்டி சானாயும் தேத்தாரிக்கும் எங்கள் காசிலேயே வாங்கினோம். நாளுக்கு 80 வெள்ளி கணக்கு மட்டும் நிற்காமல் ஓடியது.

என்னோடு சேர்ந்திருந்த பினாங்குப் பெண் முதல் வாரத்திலேயே கணக்குக் கேட்டார். "நீ கடலுக்கு லாயக்கில்லை" என்று பதில் வந்தது. அன்று மாலையே மூட்டையைக் கட்டிக்கொண்டு ஃபெரி ஏறிவிட்டார். அவருடைய முன்பணமும் திரும்பவில்லை.

செலவைப் பகிர்வது என்றால் எது எது என்று முதலிலேயே எழுதி வாங்க வேண்டும். சாப்பாடு, சமையல் எரிவாயு, பயணத்தில் எரியும் டீசல், துறைமுகக் கட்டணம்: இதெல்லாம் பங்கு போடலாம். பெயிண்ட், இன்ஜின் ரிப்பேர், பாய் தைப்பது, கரையேற்றும் வாடகை எல்லாம் அவருடைய சொத்தைப் பராமரிக்கும் செலவு. அதற்கு நாம் காசும் கொடுத்து உழைப்பும் கொடுப்பதற்குத் தொண்டூழியம் என்று பெயர் வைத்தால் எப்படி? செலவுக்கு மேல் லாபம் பார்த்து ஆளேற்றினால் பல நாடுகளில் அது வாடகைப் படகுக் கணக்கில் போய்விடும். உரிமம், பாதுகாப்புச் சோதனை எல்லாமே வேறு. சொந்த உபயோகத்துக்கு எடுத்த காப்புறுதியும் செல்லாமல் போகலாம்.

காப்புறுதி என்றதும் இன்னொன்று. பெருங்கடலைத் தாண்டும் படகில் குறைந்தது இத்தனை பேர் இருக்க வேண்டும் என்று பல காப்புறுதி நிறுவனங்கள் நிபந்தனை போடுகின்றன. ஆகவே ஆள் கிடைக்காவிட்டால் அவர் படகு நகராது. "உனக்கு வாய்ப்புக் கொடுக்கிறேன்" என்ற தோரணையில் பேசுபவர்களிடம் இதை மனதில் வைத்துப் பேசுங்கள்.

ஒருவழியாகப் படகு தண்ணீரில் இறங்கியபோது மார்ச் கடைசி. இது சாதாரணத் தாமதமில்லை. ஏப்ரல் நெருங்கினாலே வடகிழக்குக் காற்று செத்துவிடும். பிறகு வங்காள விரிகுடாவில் புயல் காலம். 2019 ஏப்ரல் கடைசியில் சுமத்ராவுக்கு மேற்கே உருவாகி ஒடிசாவைத் தாக்கிய ஃபானி, நாங்கள் போகவேண்டிய பாதைக்குப் பக்கத்தில் பிறந்த புயல்தான். கேட்டால், "வானிலையை நான் பார்த்துக்கொள்கிறேன்."

முதல் கட்டம் சுமத்ராவின் வடமுனைக்கு அப்பால் ஒரு தீவில் இருக்கும் சபாங், சுமார் 260 கடல்மைல். அங்கிருந்து இலங்கையின் காலித் துறைமுகத்துக்கு இன்னும் 900 கடல்மைல். காற்றே இல்லை, இன்ஜினில்தான் போனோம். முதல் இரவே, சுக்கானைத் தானே திருப்பும் ஆட்டோபைலட் நின்றுவிட்டது. அவர் கீழே தூங்கப் போனார், சுக்கானைக் கையால் பிடித்துக்கொண்டு நான் தனியாக மேலே. மலாக்கா நீரிணையிலிருந்து இந்தியப் பெருங்கடலுக்குத் திரும்பும் கப்பல்கள் வரிசையாகப் போகும் பாதையை நாங்கள் குறுக்கே கடக்க வேண்டும். பெரிய கப்பலின் விளக்கு அடிவானத்தில் தெரிந்து கால் மணி, இருபது நிமிடத்தில் அது நம் தலைமேல் நிற்கும். எந்தக் கப்பல் எந்தத் திசையில் வருகிறது என்று காட்டும் ஏஐஎஸ் கருவி வேலை செய்யவில்லை. "போன வாரம்கூட நன்றாக இருந்தது" என்றார். விளக்கில்லாத மீன்பிடிப் படகுகள் வேறு. என் லைஃப் ஜாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தேன். அதை ஊதவைக்கும் சிறு வாயுக் குப்பி துருப்பிடித்துக் கிடந்தது. அதைக் கட்டிக்கொண்டு விழுந்திருந்தால் கல்லைக் கட்டிக்கொண்டு விழுந்ததுதான்.

சபாங்கில் நங்கூரம் போட்டபின் தளத்தைக் கழுவும்போது லைஃப்ராஃப்ட் (படகு மூழ்கினால் ஏறிக்கொள்ளும் மிதவை) பெட்டியின் அட்டையைப் படித்தேன். போன வருடம் சோதனை செய்தது என்று அவர் சொல்லியிருந்தார். அட்டையில் இருந்த தேதி எட்டு வருடம் பழையது. அன்று ராத்திரியே ஆட்டோபைலட் உதிரிபாகத்துக்கு என் பங்காக 2,000 வெள்ளி கேட்டார். முடியாது என்றேன். "அப்படியானால் உன் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) என்னிடமே இருக்கட்டும்" என்றார்.

துறைமுகப் பதிவுக்கு ஸ்கிப்பர் எல்லோருடைய கடப்பிதழையும் வாங்கிக்கொண்டு போவது வழக்கம்தான். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மலேசியாவின் 1966ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி, இன்னொருவருடையதை உரிமையில்லாமல் வைத்திருப்பது குற்றம். இந்தோனேசியக் கரையில் அதைச் சொல்லி என்ன பயன்? மறுநாள் அவர் குடிநுழைவு அலுவலகத்துக்குக் கிளம்பியபோது நானும் கரைக்குப் போகும் சிறு படகான டிங்கியில் ஏறிக்கொண்டேன். கடப்பிதழ்கள் அதிகாரியின் மேசைக்குப் போன பிறகுதான் வாயைத் திறந்தேன்: நான் இங்கேயே இறங்குகிறேன், பண்டா ஆச்சேயிலிருந்து கோலாலம்பூருக்கு டிக்கெட் போட்டாயிற்று. கைப்பேசியில் காட்டினேன். மலாய் பேசத் தெரிந்தது உதவியது. அதிகாரி ஸ்கிப்பரிடம் கடிதம் எழுதி வாங்கி, படகு ஆட்கள் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கி, கடப்பிதழை என் கையிலேயே கொடுத்தார்.

பணம் வரவில்லை. "ஒப்பந்தத்தை நீதான் மீறினாய்" என்று ஒரு செய்தி அனுப்பினார், அவ்வளவுதான். ஊருக்கு வந்து போலீஸ் ரிப்போர்ட் செய்தேன். இது சிவில் விவகாரம் என்றார்கள். 5,000 ரிங்கிட்டுக்கு உட்பட்ட தொகைக்கு வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு வழக்குப் போடலாம். ஆனால் சம்மனை எந்தக் கடலில் கொண்டுபோய்க் கொடுப்பது?

நீங்கள் போவதாக இருந்தால், முதலில் ஒரு பகல் அந்தப் படகில் சும்மா ஓடிப் பாருங்கள். மறுக்கிறவரோடு இரவுக் கடலுக்குப் போகாதீர்கள். லைஃப்ராஃப்ட் அட்டை, அவசர சமிக்ஞைக் கருவியின் பேட்டரி தேதி, ஆபத்தில் கொளுத்திக் காட்டும் தீச்சுடர்களின் காலாவதி எல்லாவற்றையும் நீங்களே கண்ணால் பாருங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு அந்தப் படகில் போன இரண்டு பேரோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். நல்ல ஸ்கிப்பர் கோபப்பட மாட்டார், உங்களைப் பற்றி அவரும் நாலு பேரிடம் விசாரிப்பார். மனம் மாறினால் மலேசியாவை விட்டுக் கிளம்பும் அனுமதி வாங்குவதற்கு முன்பே பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு இறங்குவது பெரும்பாடு.

படகின் பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று தெரிந்த வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். லங்காவியிலோ பூக்கெட்டிலோ 42 அடிப் படகுக்கு அழைப்பு வந்து, ரொக்கமாக முன்பணம் கேட்டால், எனக்குத் தனியே எழுதுங்கள். அவர்தானா இல்லையா என்பதை மட்டும் சொல்கிறேன்.