100 எம்பிக்குள் ஒரு பாடல் காணொளி: ஹேண்ட்பிரேக் மென்பொருள் குறித்து

ரசிகர்கள் தொகுக்கும் பாடல் காணொளிகளுக்காகக் கோலாலம்பூரில் நடந்த கல்லூரிப் போட்டி ஒன்றில், கோப்பு எம்பி4 வடிவில், 1080பி தரத்தில், 100 எம்பிக்கு (மெகாபைட்) மிகாமல் இருக்க வேண்டும் என்று விதித்திருந்தார்கள். செந்தூலில் இருக்கும் என் தங்கை மகனின் கையில் இருந்ததோ 3 நிமிடம் 40 நொடி ஓடும் புரோரெஸ் கோப்பு; படத்தொகுப்புக்குப் பயன்படும், அதிக இடம் பிடிக்கும் வடிவம் அது. அதன் அளவு ஏறக்குறைய 6 ஜிபி. இலவசமாகச் சுருக்கித் தரும் ஓர் இணையத்தளத்தை நம்பியதில், படம் 720பி ஆகிக் குறுகியதோடு, மூலையில் அந்தத் தளத்தின் முத்திரையும் ஒட்டிக்கொண்டு வந்தது. அதன் பிறகே ஹேண்ட்பிரேக்கை நாடினோம்.

காணொளிகளைச் சுருக்கி வேறு வடிவுக்கு மாற்றித் தரும், 2003 முதல் புழக்கத்தில் உள்ள இந்தத் திறமூல மென்பொருளுக்குக் கட்டணம் இல்லை, முத்திரையும் குத்தாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும்.

புதியவர்கள் இடறுவது கோப்பின் அளவில்தான். ஆர்எஃப் என்ற எண்ணைக் கொண்டு தரத்தை நிர்ணயிப்பதே இதன் இயல்பான முறை. எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். ஆனால் கோப்பு எவ்வளவு பெரிதாகும் என்பதைக் காட்சிதான் முடிவு செய்கிறது. அரை நொடிக்கு ஒரு வெட்டு, பறக்கும் வண்ணக் காகிதத் துண்டுகள், தீப்பொறிகள் என்று நிறைந்திருந்த எங்கள் காணொளி, ஆர்எஃப் 22இல் 190 எம்பியைத் தாண்டிவிட்டது. உச்ச வரம்பு இருக்கும்போது, நொடிக்குச் சராசரியாக எத்தனை பிட் என்று நாமே விதிக்கும் சராசரி பிட்ரேட் முறைக்கு மாறுவதே சரி. ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால், 100 எம்பி என்பது 800 மெகாபிட். அதை 220 நொடியால் வகுத்தால் நொடிக்கு 3,636 கிலோபிட் கிடைக்கும். ஒலிக்கு 192 போக, கொஞ்சம் இடம் விட்டுப் படத்துக்கு 3,300 கொடுத்தோம். 96 எம்பியில் முடிந்தது. காணொளியை ஒன்றுக்கு மேற்பட்ட சுற்றுகளில் அலசும் மல்டி-பாஸை அவசியம் தேர்ந்தெடுங்கள்: முதல் சுற்றில் எந்த இடம் கனமானது என்று அளந்துகொண்டு, அடுத்த சுற்றில் அதற்கேற்பப் பிட்டுகளைப் பங்கிடும். என் பழைய மடிக்கணினியில் இது முடிவதற்குள், கீழே மாமாக் உணவுக்கடைக்குப் போய் ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடித்துவிட்டு வர முடிந்தது. வரம்பை மட்டும் கேட்டுக்கொண்டு இந்தக் கணக்கை மென்பொருளே போட்டுத் தந்தால் என்ன என்பதுதான் என் மனக்குறை.

இரண்டாவது சிக்கலுக்கு எங்கள் அவசரமே காரணம். "மாமா, பாட்டு வரியைக் காணோம்!" என்று அவன் பதறிய பிறகுதான் கவனித்தேன்: படத்தின் கீழிருந்த கறுப்புப் பட்டையில் அவன் வரிகளை எழுதியிருந்தான், சில மாதிரிக் காட்சிகளை மட்டும் பார்த்துக் கறுப்பு ஓரங்களைத் தானாக வெட்டும் வசதி, பட்டையோடு வரிகளையும் நீக்கிவிட்டது. அந்த வசதியை நிறுத்திவிட்டு மறுபடியும் ஓட்டினோம். நொடிக்கு 60 சட்டகம் (ஃப்ரேம்) கொண்ட காணொளி வைத்திருப்பவர்கள் 1080பி30 என்ற முன்னமைப்பை அப்படியே விட்டுவிட வேண்டாம். அது 30 ஆகக் குறைத்துவிடும். படத்தைச் சுருக்கும் முறைகளில் புதியதான எச்.265 கோப்பை இன்னும் சிறிதாக்கும்தான். ஆயினும் போட்டி மண்டபத்தில் எந்தக் கணினியை வைத்திருப்பார்களோ என்ற எண்ணத்தில், பழைய கணினிகளிலும் ஓடக்கூடிய எச்.264 முறையை விட்டு நான் நகரவில்லை.

இறுதிக் கோப்பில் முகங்களும் எழுத்துகளும் துல்லியமாக இருந்தன. இருட்டில் நீலப் புகை எழும் அந்த ஆறு நொடியில் மட்டும், நிறம் சீராக மங்காமல் படிப்படியாகப் பட்டை கட்டி நின்றது. பிட்ரேட்டைக் கூட்டினால் அது சரியாகியிருக்கக்கூடும், ஆனால் எங்களிடம் மிச்சம் இருந்தது 4 எம்பிதான்.