ஸ்டாட்டின் மாத்திரையுடன் எட்டு ஆண்டுகள்: தசைவலி எனக்குக் கற்றுக்கொடுத்தது

இரத்தக் கொழுப்பைக் குறைப்பதற்காக, ஸ்டாட்டின் வகையைச் சேர்ந்த அட்டோர்வாஸ்டாட்டின் 40 மி.கி. மாத்திரையை எட்டு ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கினேன். முதல் ஐந்து ஆண்டுகளில் சொல்லும்படியான தொந்தரவு எதுவும் இல்லை. ஆறாம் ஆண்டில், தாழ்வான நாற்காலியிலிருந்து எழ முயன்றபோது இரண்டு தொடைகளும் இடம்கொடுக்கவில்லை. கைப்பிடியை அழுத்தி ஊன்றித்தான் எழ முடிந்தது. தலைவாரக் கையைத் தூக்கினால் தோள்களும் கனத்தன.

மாத்திரைதான் காரணம் என்று நானே முடிவுகட்டி நிறுத்திவிட இருந்தேன். மருத்துவரோ, தசை பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கூடும் கிரியாட்டின் கைனேஸ் என்ற நொதியின் அளவுடன் தைராய்டையும் பரிசோதிக்கச் சொன்னார். முன்னது இயல்பான உச்ச வரம்பைப்போல் நான்கு மடங்கு இருந்தது, தைராய்டு குறைவாகச் சுரக்கும்போது உயரும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோனின் அளவும் மிகவும் கூடியிருந்தது. தைராய்டு சுரப்புக் குறைவு தசையையும் தளர்த்தும், கொழுப்பையும் ஏற்றும், ஸ்டாட்டினால் வரும் தசைப் பாதிப்புக்கும் வழிவிடும் என்பதை அன்றுதான் அறிந்தேன். மாத்திரையை நிறுத்தி, தைராய்டு ஹார்மோனான தைராக்ஸின் எடுத்து, எல்லாம் சீரான பிறகு வேறொரு ஸ்டாட்டினான ரோசுவாஸ்டாட்டின் 5 மி.கி. தொடங்கினோம். இரண்டு ஆண்டுகளாக வலி இல்லை.

முதுமை, மெலிந்த உடல்வாகு, சிறுநீரக அல்லது கல்லீரல் குறைபாடு, மிகுதியான மது, மருந்தின் அதிக அளவு ஆகியவையும் இந்தத் தசைப் பாதிப்பின் ஆபத்தைக் கூட்டுபவை. பெண்களுக்கும் வாய்ப்பு சற்று அதிகம். ஆனால் கேட்டால் உடனே தெரிந்துவிடக்கூடியதும், பெரும்பாலும் கேட்கப்படாமல் போவதும் உடன் எடுக்கும் மருந்துகள்தாம். மூன்றாம் ஆண்டில் மார்புத் தொற்றுக்குக் கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை எழுதிக்கொடுத்த மருத்துவர், அந்த ஏழு நாள்களும் அட்டோர்வாஸ்டாட்டினை எடுக்க வேண்டாம் என்றார். அட்டோர்வாஸ்டாட்டினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை அந்த மருந்து தடுப்பதால், இரத்தத்தில் ஸ்டாட்டின் தேங்கிவிடுமாம். இட்ராகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகளும் இப்படித்தான். கொழுப்பைக் குறைக்கும் இன்னொரு மருந்தான ஜெம்ஃபைப்ரோசில் வேறு வழியில் ஸ்டாட்டின் அளவை உயர்த்துகிறது. அதனுடன் சேர்த்து எடுத்தவர்களிடம் தசைச் சிதைவு கூடுதலாகக் காணப்பட்ட செரிவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின், 2001-இல் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது.

அதே சமயம், 2022-இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு ஒன்று, ஸ்டாட்டின் எடுப்பவர்கள் சொல்லும் தசைவலிகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவை மாத்திரையால் வந்தவை அல்ல என்கிறது. ஆகவே வலி வந்ததும் மாத்திரையைத் தூக்கி எறிவதை நான் ஏற்கமாட்டேன். கடும் வலியும் பலவீனமும் சேர்ந்து, சிறுநீர் அடர்பழுப்பாகப் போனால் மட்டும் கதை வேறு: அது தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குவதன் அடையாளமாக இருக்கலாம், மாத்திரையை நிறுத்திவிட்டு அப்போதே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.