பாவித்த 9.9: பழைய டூ-ஸ்ட்ரோக்கா, பிந்திய ஃபோர்-ஸ்ட்ரோக்கா?

ஒன்ராறியோவில் பன்னிரண்டு, பதினாலு அடி அலுமினியப் படகு வைத்திருப்பவர் இணையத்தில் பாவித்த மோட்டர் தேடத் தொடங்கினால், அநேகமாக வந்து நிற்கும் எண் 9.9 குதிரைவலு. காரணம் சட்டம். பத்துக் குதிரைவலு (7.5 கிலோவாட்) அல்லது அதற்கு மேற்பட்ட மோட்டர் பூட்டிய படகுக்கு உரிமம் எடுத்து, அந்த எண்ணைப் படகின் இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும். 9.9 அந்தக் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நிற்கிறது. ஓட்டுபவருக்கான அட்டை மட்டும் எந்த மோட்டருக்கும் வேண்டும்.

கிஜிஜியிலோ பேஸ்புக் மார்க்கெட்பிளேசிலோ இந்த எண்ணைத் தட்டினால் இரண்டு கூட்டம் வரும். ஒன்று எண்பதுகள், தொண்ணூறுகளின் டூ-ஸ்ட்ரோக் (பெற்றோலோடு எண்ணெயும் கலந்து எரிப்பது): ஜோன்சன், எவின்றூட், மேர்க்குரி, யமஹா. மற்றது பெரும்பாலும் 2000க்குப் பிறகு வந்த ஃபோர்-ஸ்ட்ரோக் (கார் போல எண்ணெய் தனியாக நிற்பது). இரண்டு பக்கமும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு நான் வாங்கியது 1991 ஜோன்சன் டூ-ஸ்ட்ரோக். ஆகவே தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை விரைவாகக் கடந்துவிடுவோம். டூ-ஸ்ட்ரோக் புகைக்கும், கத்தும், பெற்றோலைக் கூடக் குடிக்கும். எண்ணெயை 50க்கு 1 என்று நாங்களே கலக்க வேண்டும், அதாவது 25 லீற்றர் தாங்கிக்கு அரை லீற்றர். ஃபோர்-ஸ்ட்ரோக் அமைதி, சிக்கனம், ஏரிக்கும் நல்லது. அமெரிக்காவின் தாஹோ ஏரியில் காபரேற்றர் (பெற்றோலைக் காற்றோடு கலக்கும் பகுதி) வைத்த டூ-ஸ்ட்ரோக்குக்கு 1999 முதலே தடை. ஊரில் மண்ணெண்ணெய் யமஹா பூட்டிய வள்ளங்களின் சத்தத்தில் வளர்ந்த எங்களுக்கு இரைச்சல் பெரிய குறையாகப் படாது. கரையில் கொட்டேஜ் வைத்திருப்பவருக்குப் படும். எடையில் டூ-ஸ்ட்ரோக்குக்கு வெற்றி: பழைய ஜோன்சன் 34 கிலோ அளவில்தான் வரும், ஃபோர்-ஸ்ட்ரோக் பலவும் 40 முதல் 50 கிலோ. விலை, நான் தேடிய காலத்தில், ஓடுகிற நல்ல டூ-ஸ்ட்ரோக் 700, 800 டொலர். ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு அதைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு கேட்டார்கள்.

இவை எதை வைத்தும் நான் முடிவெடுக்கவில்லை. முடிவை எடுக்க வைத்தது குளிர்காலம்.

இங்கே ஒரு சின்ன மோட்டர் வருடத்தில் பாதிக் காலம் கராஜில் சும்மா நிற்கும். முன்னைய சொந்தக்காரர் அதை எப்படி நிறுத்தினார் என்பதில்தான் அதன் ஆயுள் இருக்கிறது. பெற்றோல் குழாயைக் கழற்றி, காபரேற்றரில் கிடப்பது எரிந்து முடியும்வரை ஓடவிட்டாரா, சிலிண்டருக்குள் பாதுகாப்பு எண்ணெய் அடித்தாரா, கியர் எண்ணெய் மாற்றினாரா? விளம்பரத்தில் இதில் ஒன்றும் இராது. “போன வருடம் நன்றாக ஓடியது, காபரேற்றரைத் துப்புரவாக்கினால் போதும்” என்ற வரி மட்டும் இருக்கும். நிறுத்தியவருக்கு அக்கறை இல்லை என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது.

அந்த அக்கறையின்மையை இரண்டு மோட்டரும் ஒரே மாதிரித் தாங்குவதில்லை. எத்தனால் கலந்த பெற்றோல் காபரேற்றர் கிண்ணத்தில் மாதக்கணக்கில் கிடந்து வற்றினால் பிசின் படியும். சிறிய ஃபோர்-ஸ்ட்ரோக்கில் மெதுவோட்டத்துக்குப் பெற்றோல் விடும் ஜெற்றின் துளை மிகச் சிறியது. மாசு விதிகளுக்காகக் கலவைத் திருகையும் பலவற்றில் ஆலையிலேயே மூடி அனுப்பியிருப்பார்கள். துளை கொஞ்சம் அடைத்தாலே, சோக் இழுத்தால் ஓடும், சோக்கை விட்டால் நிற்கும், வேகம் கூட்டினால் மறுபடி நன்றாக ஓடும். மீன்பிடிக்குத் தேவையான மெதுவோட்டத்தில்தான் மக்கர். கடையில் கொடுத்தால் மணிக்கு நூறு டொலருக்கு மேல் கூலி. பழைய ஜோன்சனிலும் இதே பிசின் படியும். ஆனால் துளைகள் பெரிது, காபரேற்றர் ஒன்றுதான், சில நட்டுகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். வீட்டு மேசையில் ஒரு பின்னேரத்து வேலை.

இதற்கு மேல் ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கென்று தனிச் செலவுகள் உண்டு: எஞ்சின் எண்ணெய், வடிகட்டி, வால்வ் இடைவெளி, சிலவற்றில் டைமிங் பெல்ட். இன்னொன்றை விற்பவர்கள் சொல்லவே மாட்டார்கள். குளிர்ந்த நீரில் மணிக்கணக்காக மெதுவாக ஓட்டினால் எரியாத பெற்றோல் கீழே எண்ணெயோடு சேரும். அளவுக்கம்பியை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் மேல்கோட்டைத் தாண்டி நின்று பெற்றோல் மணம் அடித்தால், அந்த மோட்டர் நீர்த்த எண்ணெயில் ஓடியிருக்கிறது.

காபரேற்றர் இல்லாத, எரிபொருளை ஊசியால் தெளிக்கும் புதிய ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு இந்த வாதம் முழுதாகப் பொருந்தாது. நண்பர் ஒருவருடையதைச் சிலமுறை ஓட்டியிருக்கிறேன். முதல் இழுவையிலேயே பிடித்தது. அது பத்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று என் அனுபவத்தை வைத்து உறுதி தர முடியாது. பாவித்த சந்தையில் அது மலிவாக வருவதும் குறைவு.

கியர்பெட்டி விடயத்தில் இரண்டும் ஒன்றுதான். உள்ளே தண்ணீர் புகுந்து, அப்படியே குளிர்காலம் வந்தால், உறைந்து விரிந்து உறையையே வெடிக்க வைக்கும். எனக்குத் தெரிந்த ஸ்காபரோ மெக்கானிக் ஒருவர் சொன்னது: “அண்ணை, கீழ் எண்ணெயைப் பாத்திட்டு விலையைப் பேசுங்கோ.” லின்ட்ஸி பக்கம் ஒரு ஃபோர்-ஸ்ட்ரோக் பார்க்கப் போனபோது அதைத்தான் செய்தேன். மேல்மூடி பளபளப்பு, புது ஸ்டிக்கர். விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, விசிறிக்கு முன்னால் கீழே இருக்கும் திருகை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். முதலில் வந்தது தெளிந்த தண்ணீர், ஒரு தேக்கரண்டி இருக்கும். பின்னால் வந்தது பால் தேத்தண்ணி நிறத்தில் எண்ணெய். அவர் அதைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், விலை அதே இடத்தில் 400 டொலர் இறங்கியது. அப்படியும் வாங்கவில்லை. தண்ணீரைத் தடுக்கும் சீலை மாற்றுவது சின்ன வேலைதான், ஆனால் உள்ளே பல்லுகளும் பேரிங்கும் எவ்வளவு துருப்பிடித்திருக்கும் என்பதை வெளியில் நின்று சொல்ல முடியாது.

முன்பின் தெரியாதவரின் முற்றத்தில் நின்று பரிசோதிப்பதற்கும் டூ-ஸ்ட்ரோக்தான் இலகு. இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, அமுக்கமானியைப் பூட்டி, கயிற்றை நாலைந்து தரம் பலமாக இழுத்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். வரும் எண்ணைவிட இரண்டு சிலிண்டருக்கும் இடையிலான வித்தியாசம் முக்கியம். பத்து விழுக்காட்டுக்கு மேல் போனால் திரும்பி வாருங்கள். எண்ணெய் கலக்காமல் ஓட்டிய மோட்டரை அநேகமாக இந்த இடத்தில் பிடிக்கலாம். சிறிய ஃபோர்-ஸ்ட்ரோக் பலவற்றில் இழுவையை இலகுவாக்க அமுக்கத்தைத் தானே குறைக்கும் அமைப்பு உண்டு. நல்ல மோட்டரும் மோசமான எண் காட்டும், மோசமானதும் அதே சாட்டில் தப்பிக்கும்.

எதுவாக இருந்தாலும் “நான் வரும்வரை ஓட்ட வேண்டாம்” என்று முன்கூட்டியே செய்தி அனுப்புங்கள். போனதும் மூடியைத் தூக்கி சிலிண்டர் தலையில் கை வையுங்கள். சூடாக இருந்தால் குளிரில் பிடிப்பதில்லையோ என்று சந்தேகப்படுங்கள். ஐப்பசியில் படகுகள் கரையேறியபின் விலை இறங்கும், ஆனால் ஏரியில் ஓட்டிப் பார்க்க முடியாது. தண்ணீர்த் தொட்டியில் வைத்தாவது ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர் பின்பக்கம் சிறு தாரையாக வர வேண்டும். வராவிட்டால் பம்பின் ரப்பர் இம்பெல்லர் போயிருக்கும். அதை எப்படியும் வாங்கியவுடன் மாற்றுவதே நல்லது.

வயதில் பொய் சொல்வது இந்தச் சந்தையில் சாதாரணம். எண்பதுகள், தொண்ணூறுகளின் ஜோன்சன், எவின்றூட்டில் அதைப் பிடிக்க வழி உண்டு. ‘இன்ட்ரொடியூசஸ்’ (INTRODUCES) என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் ஒன்பது எழுத்தும் முறையே 1 முதல் 9 வரை, கடைசி எழுத்து 0. மாடல் எண்ணின் கடைசிப் பகுதியில் வரும் இரண்டு எழுத்தை இப்படி மாற்றினால் வருடம் வரும்: ‘ஈ, ஐ’ (EI) என்றால் 91, ‘சி, யூ’ (CU) என்றால் 87. இன்னொரு விளையாட்டும் உண்டு. 1974 முதல் 1992 வரை இந்த இரு பெயரிலும் வந்த 9.9க்கும் 15 குதிரைவலுவுக்கும் உள்ளே ஒரே 216 சிசி எஞ்சின் பிளொக். முக்கிய வேறுபாடு காபரேற்றரில். 15இன் காபரேற்றரைப் பூட்டிய ‘9.9’ பல சுற்றுகின்றன. ஓட நன்றாகத்தான் இருக்கும், உரிமம் எடுக்காத படகில் பூட்டினால் பொறுப்பு உங்களுடையது.

உதிரிப்பாகம் கிடைக்குமா என்ற பயம் நியாயமானது. ஜோன்சனையும் எவின்றூட்டையும் செய்த ஓஎம்சி நிறுவனம் 2000 டிசம்பரில் திவாலானது. அடுத்த வருடம் பொம்பார்டியே வாங்கியது. 2020இல் எவின்றூட் உற்பத்தியும் நின்றுபோனது. ஆனாலும் இம்பெல்லர், காபரேற்றர் கிற், கொயில் போன்றவற்றை வேறு நிறுவனங்கள் இன்னும் செய்கின்றன, எனக்கு வேண்டியவை கிடைத்தன. மேல்மூடி, கயிற்றுச் சுருள் போன்றவை உடைந்தால் பழைய மோட்டர் பிரிப்பவரைத்தான் தேட வேண்டும். அந்தக் கவலை வேண்டாம் என்பவருக்குப் பழைய யமஹா டூ-ஸ்ட்ரோக் நல்ல தெரிவு. விலை கொஞ்சம் கூட.

யார் ஃபோர்-ஸ்ட்ரோக் வாங்கலாம்? ரைஸ் ஏரியில் காலை முதல் மாலை வரை மெதுவாக இழுத்துக்கொண்டு பிக்கரல் மீன் பிடிப்பவர், சிறு பிள்ளைகளை ஏற்றுபவர், திருத்துவதில் ஆர்வமில்லாதவர். அவர்கள் வருடாவருடம் கடையில் கொடுத்த பற்றுச்சீட்டு வைத்திருக்கும் ஒருவரிடம் கூட விலை கொடுத்து வாங்குவது சரி. மலிவாகத் தெரியும் 9.9 ஃபோர்-ஸ்ட்ரோக் சில பாய்ப்படகிலிருந்து கழற்றியவை. குறைவாக ஓடியிருக்கும், ஆனால் தண்டு 20, 25 அங்குலம். எங்கள் சின்னப் படகின் பின்பலகை பெரும்பாலும் 15 அங்குலத் தண்டுக்கானது. புறப்படுமுன் அளந்துகொண்டு போங்கள்.

பார்க்காமலே வைப்புப்பணம் ஈ-ட்ரான்ஸ்ஃபர் பண்ணச் சொல்பவரை விட்டுவிடுங்கள். தொடர் எண் தகடு சுரண்டியிருந்தால் களவுச் சாமானாக இருக்கலாம், விலை எதுவானாலும் வேண்டாம். காசு கொடுக்கும்போது ஒரு தாளில் மாடல் எண், தொடர் எண், தேதி, இருவர் கையெழுத்து. ஏற்றும்போது ஃபோர்-ஸ்ட்ரோக்கை எந்தப் பக்கம் சரிப்பது என்று விற்பவரிடம் கேளுங்கள், மாறிப் படுத்தினால் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கும். டூ-ஸ்ட்ரோக்கை நிமிர்த்தி வைத்துத் தண்ணீரை வடிய விட்டு, தலைப்பக்கம் தாழாமல் எப்படியும் சரிக்கலாம். வானுக்குள் ஒரு பழைய படங்கை விரித்துக்கொள்ளுங்கள், இரண்டுமே ஒழுகும்.