உடை மாட்டக் கைகொடுக்கும் கருவிகள்: எது யாருக்கு?

உடை மாட்டச் சிரமம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் விரல் மடங்காதவருக்கு உதவும் பொருள், இடுப்பு குனியாதவருக்கு உதவாது. எந்த மூட்டு தகராறு செய்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். சில இடங்களில் கருவியே வேண்டாம், துணியில் நாலு தையல் போட்டால் போதும்.

பட்டன்: கொக்கியா, வெல்க்ரோவா, காந்தமா?

பட்டன் கொக்கியில் தடித்த பிடி இருக்கும், அதன் முனையில் ஒரு கம்பி வளையம். வளையம் நடுவில் அகன்று நுனியில் குறுகும். காஜாவின் வெளிப்பக்கத்திலிருந்து வளையத்தை உள்ளே நுழைத்து, அகன்ற பகுதியில் பட்டனை மாட்டி, பிடியை இழுக்க வேண்டும். பட்டன் குறுகிய நுனிக்கு நகர்ந்து, பக்கவாட்டில் சாய்ந்து காஜா வழியே வெளியே வரும். ஒற்றைக் கையால் இதைச் செய்யலாம் என்பது பெரிய பலம். எந்தச் சட்டைக்கும் பயன்படும். பலவீனமும் உண்டு. கை நடுங்குபவருக்கு வளையத்தைக் காஜாவில் நுழைப்பதே பெரும்பாடு. வளையம் காஜாவைவிட அகலமாக இருந்தால் ஓரத் தையல் பிரிந்துவிடும். கழுத்துப் பட்டன் கண்ணுக்குத் தெரியாது, கண்ணாடி முன் உட்கார வேண்டும்.

வெல்க்ரோவுக்கு அந்தத் துல்லியம் தேவையில்லை. பட்டனைப் பிரித்து, காஜாவின் மேலேயே வைத்துத் தைத்துவிடுங்கள்; பார்வைக்குப் பட்டன் போட்டதுபோலவே இருக்கும். அடியில் 2 செ.மீ. சதுரத் துண்டுகள் போதும். நீளப் பட்டையாகத் தைத்தால் ஒரு முனை கோணலாக ஒட்டி, சட்டை முழுவதும் இழுத்துக்கொள்ளும். சொரசொரப்பான பாதி அடி மடிப்பில், உடம்புக்கு எதிர்ப்பக்கம் பார்த்து இருக்கட்டும். இல்லாவிட்டால் மார்பை உராயும். துவைக்கும்முன் ஒட்டி மூடாவிட்டால் நூலும் பஞ்சும் அடைந்து பிடிமானம் போய்விடும்.

மூன்றிலும் எளிது காந்தப் பட்டன்தான். ஆனால் இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கரோ டிஃபிப்ரிலேட்டரோ மார்பில் பொருத்தியவர் இதைத் தொடவே கூடாது. காந்தத்தை அந்தக் கருவியிலிருந்து 15 செ.மீ. தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். சட்டைப் பட்டன் அதற்கு மிக அருகிலேயே வந்து உட்காரும்.

நாலைந்து சட்டைகளையே மாற்றி மாற்றிப் போடுபவருக்கு வெல்க்ரோ, விதவிதமாக உடுத்துபவருக்குக் கொக்கி என்பது எங்கள் கணிப்பு. மணிக்கட்டுப் பட்டனுக்கு இரண்டுமே வேண்டாம். எலாஸ்டிக் நூலால் தைத்துவிட்டால், பட்டன் போட்டபடியே கையை நுழைக்கலாம்.

ஜிப்புக்குச் சாவி வளையமே போதும், ஒரு விரல் நுழைந்தால் இழுத்துவிடலாம். ஆனால் முன்பக்கம் முழுதாகத் திறக்கும் ஜாக்கெட்டில், அடிமுனையைக் கோக்கும் வேலைக்கு வளையம் உதவாது. அடி 10 செ.மீ. நிரந்தரமாகக் கோத்தபடியே இருக்கட்டும், தலைவழியாக மாட்டுங்கள்.

சாக்ஸ்: வளைந்த தகடா, கம்பிச் சட்டமா?

குனிய முடியாதவர்களுக்கு, முக்கியமாக இடுப்பு மூட்டு மாற்றிய பின் 90 டிகிரிக்கு மேல் மடக்காதே என்று மருத்துவர் சொன்னவர்களுக்கு, சாக்ஸ் மாட்டும் கருவி இல்லாமல் ஆகாது. அரைக்குழாய்போல வளைந்த தகட்டின் ஒரு முனையில் இரண்டு நீளக் கயிறுகள் இருக்கும். சாக்ஸைத் தகட்டின் மேல் ஏற்றும்போது விரல் பகுதி தகட்டின் நுனியை இறுக்கித் தொட வேண்டும், குதிகால் அடிப்பக்கம் இருக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: நுனியில் துணி தொளதொளவென்று மிஞ்சினால், தகடு வெளியே வந்தபின் சாக்ஸ் பாதிப் பாதத்தில் நின்றுவிடும். சாக்ஸின் மேல்விளிம்பு கயிற்று முடிச்சைத் தாண்டவும் கூடாது. தாண்டினால் கயிறு சிக்கும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு தகட்டைத் தரையில் இறக்கி, பாதத்தை நீட்டி நுழைத்து, இரண்டு கயிற்றையும் ஒரே சீராக இழுங்கள்.

தகட்டில் கெட்டி பிளாஸ்டிக் தடித்த சாக்ஸை அகல விரித்துப் பிடிக்கும், ஆனால் ஏற்றுவதற்கு விரலில் பலம் வேண்டும். மென்தகட்டைச் சுருட்டி நுழைப்பது எளிது. பாதம் வீங்கியவருக்குத்தான் அது உள்ளே மடங்கிவிடும். இரத்த ஓட்டத்துக்கான இறுக்கமான காலுறை இந்த இரண்டிலும் ஏறாது. அதற்கு நிற்கும் கம்பிச் சட்டம் வேண்டும்: காலுறையைக் குதிகால்வரை உள்புறம் திருப்பிச் சட்டத்தில் மாட்டி, பாதத்தை உள்ளே அழுத்த வேண்டும். வழுக்கலுக்காகப் பவுடர் போட்டால் பாதத்தில் மட்டும் தடவுங்கள். தரையில் சிந்தினால் எழும்போது வழுக்கும்.

கழற்ற இவை எதுவும் உதவாது. அதற்கு நீளமான ஷூ ஹார்ன், 60 செ.மீ. அளவில், உலோகத்தில். அதன் நுனியைச் சாக்ஸுக்கும் குதிகாலுக்கும் நடுவே விட்டுக் கீழே தள்ளினால் சாக்ஸ் கழன்றுவிடும். ஷூ மாட்டும்போது அது பின்னால் நழுவாமலிருக்க, ஷூவின் பின்பக்கத்தைச் சுவரில் முட்டுக்கொடுங்கள்.

கொக்கிக் கோலா, பிடிகோலா?

நுனியில் கொக்கி வைத்த கோல் தோள் உயராதவருக்கு. சட்டைத் தோளை முதுகுக்குப் பின்னால் தள்ளவும் பேன்ட் இடுப்பை மேலே இழுக்கவும் ஆகும். மறுமுனையில் ரப்பர் உறை இருந்தால் துணி வழுக்காது. விசை அழுத்திப் பிடிக்கும் பிடிகோல் கீழே விழுந்த துணியை எடுக்க நல்லது. ஆனால் அழுத்திய விரல்கள் தளராமல் இருந்தால்தான் துணி நிற்கும், ஆகவே முடக்குவாதக் கைக்கு ஒத்துவராது. எந்தக் கோலானாலும் பலவீனமான கையை முதலில் நுழைத்து, கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும்.

ஷூ: எலாஸ்டிக் கயிறா, வெல்க்ரோ பட்டையா?

ஒரு முறை கட்டிவிட்டால் எலாஸ்டிக் கயிற்றை மறுபடி தொட வேண்டியதில்லை. கால் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பவருக்கு அது போதும். மாலையில் பாதம் வீங்குபவருக்கு வெல்க்ரோ பட்டைதான் சரி, உட்கார்ந்த இடத்திலேயே தளர்த்திக்கொள்ளலாம். எலாஸ்டிக்தான் வேண்டுமென்றால், காலையில் கட்டாமல் மாலையில், ஷூவோடு நின்றபடி மற்றொருவரைக் கொண்டு அளவு பார்த்துக் கட்டுங்கள்.