செடிக்குப் பால் மறக்கடித்தோம்: கோவில்பட்டிக் கரிசலில் ஏழு கோடை கண்ட வீட்டுத் தோட்டம்

2018 ஆவணியில் வீட்டுத் தோட்டத்துக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டோம். அந்த ஐப்பசியில் செடி வைத்தோம். இந்த 2025 கோடையோடு ஏழு கோடை ஆகிவிட்டது. போட்ட ஆறாம் மாதத்தில் யாராவது கேட்டிருந்தால் "அருமையா இருக்கு" என்று மட்டும் சொல்லியிருப்பேன். உடைந்தது, மாற்றியது, செத்தது, தானாக முளைத்தது எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் புதிதாகப் போடுகிறவர்களுக்குப் பயன்படும் என்று இப்போது எழுதுகிறேன்.

எங்கள் மனை ஐந்து சென்ட். வீடு போக முன்னும் பின்னுமாக இரண்டு சென்ட் மண், சுத்தக் கரிசல். குடிநீர் சீவலப்பேரியிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீர். அது தினமும் வராது, வருவதைக் குடிக்கவும் சமைக்கவும்தான் வைத்துக்கொள்வோம். தோட்டத்துக்கு போர் தண்ணீர். வாளியில் பிடித்து வைத்தால் இரண்டே நாளில் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் படியும்.

முன்பு முன்வாசலில் கொரியன் புல்லும் குரோட்டன்ஸும் வைத்திருந்தோம். ஐநூறு லிட்டர் தொட்டி தினமும் காலியாகும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது நினைவிருக்கும். அந்தக் கோடையில் எங்கள் போரில் ஒரு மணி நேரம் மோட்டார் ஓடினால் அரை மணி நேரம் காற்றுதான் வந்தது. புல்லைக் காப்பாற்ற லாரித் தண்ணீர் வாங்கினேன். இரண்டு முறை வாங்கியபின் மனசு கேட்கவில்லை. தெருவில் குடத்தோடு ஆள் நிற்கும்போது புல்லுக்குத் தண்ணீர் ஊற்றுவது தப்பு என்று பட்டது. விட்டுவிட்டேன், பதினைந்து நாளில் காய்ந்து சருகாகிவிட்டது.

மறுபடி தோட்டம் போட்டபோது வழிகாட்டியது என் மாமியார். அவர்கள் மானாவாரிக் குடும்பம். பருத்தியும் கம்பும் உளுந்தும் மழையை மட்டும் நம்பி விளைந்த காடு அவர்களுடையது. நான் தினமும் ஹோஸ் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "ஏம்மா, தெனமும் ஊத்துனா வேரு எதுக்குக் கீழ போவும்? மேலயே சொகமா உக்காந்துக்கிடும். ரெண்டு நாளு நீ ஊருக்குப் போனா செத்துரும். பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கிறாப்ல செடிக்கும் மறக்கடிக்கணும்."

சொட்டுநீர் என்றால் தண்ணீரை மிச்சம் பிடிக்கும் சாமான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். செடி தன் வேரைத் தானே கீழே விடும்வரை பிடித்து நடத்தும் கை அது என்று புரிந்தது அத்தையால்தான். முதல் கோடையில் வாரம் இரண்டு முறை, இரண்டிரண்டு மணி நேரம் விட்டேன். டிரிப்பர் (சொட்டு விழும் முனை) தண்டிலிருந்து அரையடி தள்ளி இருந்தது. இரண்டாம் கோடையில் வாரம் ஒரே முறை, ஆனால் மூன்று மணி நேரம். டிரிப்பரை ஒரு அடி தள்ளி வைத்தேன். மூன்றாம் கோடையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, இரண்டடி தள்ளி. அதற்குப் பிறகு நாட்டுச் செடிகளுக்கு ஒவ்வொன்றாக நிறுத்தினேன். இடையில் இலை லேசாகத் துவளும். மத்தியானம் துவண்டு சாயங்காலம் நிமிர்ந்தால் பயப்பட வேண்டாம். விடிகாலையிலும் துவண்டிருந்தால் உடனே தண்ணீர் விட வேண்டும். நான் வைத்துக்கொண்ட கணக்கு இவ்வளவுதான்.

இனி சாமான்களைப் பற்றி.

மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நேராக இறக்கி, செடிகளின் ஓரமாக ஓடும் 16 மி.மீ. லேட்டரல் குழாய், வடிகட்டி, 42 டிரிப்பர் என்று போட்டோம். அன்றைக்கு எல்லாம் சேர்த்து ஆறாயிரத்து ஐநூறு ரூபாய் ஆனது. பிளம்பர் தம்பி, "அக்கா, டேங்க் ஒசரம் பத்தாது, மோட்டார் லைன்லயே நேரா குடுத்துரலாமா?" என்று கேட்டார். கரண்ட் இருக்கும் நேரம் பார்த்துத் தண்ணீர் விடும் தோட்டம் வேண்டாம் என்று தொட்டியிலேயே வைக்கச் சொன்னேன். அதை இன்றும் சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் டிரிப்பரில் எழுதியிருக்கும் அளவை நம்பக் கூடாது. மணிக்கு 4 லிட்டர் என்பது பத்து மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்துக்கு. எங்கள் தொட்டி நாலு மீட்டர் உயரம்தான். ஒரு டிரிப்பருக்குக் கீழே பாத்திரம் வைத்து ஒரு மணி நேரம் கழித்து லிட்டர் படியால் அளந்தேன். இரண்டரை லிட்டர் இருந்தது. வீட்டுக்கு வீடு இது மாறும், அதனால் போட்ட அன்றே அளந்துகொள்ளுங்கள். எத்தனை மணி நேரம் விடுவது என்பதற்கு இந்த அளவுதான் அடிப்படை.

டிரிப்பர் வாங்கும்போது மூடியைத் திருகித் திறக்கும் வகையைக் கேளுங்கள். உப்புத் தண்ணீர் ஊரில் இது ரொம்ப முக்கியம். எட்டாவது மாதமே பாதி டிரிப்பர் கண்ணில் சுண்ணாம்பு மாதிரி அடைத்துக்கொண்டது. திறக்கிற வகை என்பதால் கழற்றி, மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) கரைத்த தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போட்டு, பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்தேன். சுத்தமாகிவிட்டது. அதிலிருந்து வருஷம் இரண்டு தடவை, தை முடிவில் ஒருமுறை, ஆடியில் ஒருமுறை இதைச் செய்கிறேன். மாதம் ஒருமுறை லேட்டரல் கடைசியில் மடித்து அடைத்திருப்பதைத் திறந்துவிட்டுக் குழாயை அலசுவேன். முதலில் காப்பி நிறத்தில் வண்டல் வரும், தெளிந்ததும் மடித்துவிடுவேன். வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். இந்த மூன்றையும் செய்ய நேரமில்லாதவர்கள் குழாய் போட வேண்டாம், பூவாளியே போதும்.

டைமரில் நான் ஏமாந்தேன். இரண்டாம் வருஷம் குழாயில் திருகும் பேட்டரி டைமர் ஒன்று வாங்கினோம். விளக்கு எரியும், டிக் என்று சத்தம் வரும், தண்ணீர் மட்டும் வராது. கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார், அதுவும் அப்படியே. பிறகுதான் தெரிந்தது, சொலினாய்டு வால்வு (மின்காந்தத்தால் திறப்பது) வைத்த டைமர் திறக்கக் குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும், மாடித் தொட்டித் தண்ணீருக்கு அது கிடைப்பதில்லை. உள்ளே பால் வால்வை (ஓட்டையுள்ள உருண்டை) மோட்டாரால் சுற்றும் வகை என்றால் அழுத்தம் இல்லாவிட்டாலும் திறக்கும். அதை வாங்கி ஐந்து வருஷமாக ஓடுகிறது. வாங்கும் முன் இந்த ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்.

முதலில் போட்ட லேட்டரல் மலிவு ரகம். இரண்டாம் கோடையிலேயே வெயில் படும் இடமெல்லாம் விரிசல் விட்டது. நல்ல ரகமாக மாற்ற ஆயிரத்து நூறு ஆனது. அது இன்றும் இருக்கிறது, அணில் கடித்த இடங்களைத் தவிர. சித்திரையில் தாகத்துக்குத்தான் அணில் குழாயைக் கடிக்கிறது. புங்கன் அடியில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்த பிறகு கடிப்பது பெரும்பாலும் நின்றுபோனது.

கரிசலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செம்மண்ணில் சொட்டு நேராகக் கீழே இறங்கும், அதனால் டிரிப்பரை நெருக்கி வைப்பார்கள். கரிசலில் பக்கவாட்டில் பரவும், கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்தாலே போதும். ஆனால் பங்குனியில் இந்த மண் வெடிக்கும். முதல் கோடையில் கறிவேப்பிலை ஒன்று வாடிக்கொண்டே வந்தது. டிரிப்பர் ஒழுங்காகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஒருநாள் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தேன். டிரிப்பருக்கு நேர் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வெடிப்பு. ஒவ்வொரு சொட்டும் அதன் உதட்டில் விழுந்து, மண்ணை நனைக்காமல் உள்ளே உருண்டு மறைந்தது. குச்சியை விட்டுப் பார்த்தேன், ஒரு முழத்துக்கு மேல் இறங்கியது. அவ்வளவு நாள் விட்ட தண்ணீர் செடிக்கு எட்டாமலே போயிருக்கிறது. அன்றைக்கே வெடிப்பில் மண்ணையும் தொழுவுரத்தையும் இட்டு மூடி, மேலே மூடாக்கு (மண்ணை மூடும் போர்வை) போட்டேன்.

மூடாக்குக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. கடலை உடைக்கும் மில்லில் கடலைத் தொலி மூட்டைக் கணக்கில் கிடைக்கும். தை முடிவில், மண்ணில் ஈரம் இருக்கும்போதே, நாலு விரல் கனத்துக்குப் பரப்பிவிட வேண்டும். வெடித்த பிறகு போட்டால் பாதிப் பயன்தான். தண்டை ஒட்டிப் போட்டால் கரையான் ஏறும், ஒரு சாண் விட்டுப் போடுங்கள். ஏழு வருஷத்தில் நான் செய்த எல்லாவற்றிலும் தண்ணீரை அதிகம் மிச்சம் பிடித்தது இந்தத் தொலிதான். குழாய் இரண்டாவது இடம்தான்.

செடிகளில் என் நம்பிக்கைக்குரியது ஆவாரை. வாசலில் ஐந்து வைத்தேன். மூன்றாம் கோடைக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்கவில்லை, ஆனால் பாதி வருஷம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். பெரிய கருவண்டு வந்து பூவைப் பிடித்துக்கொண்டு ஒரு ரீங்காரம் விடும், அந்த அதிர்வில் மகரந்தம் உதிரும். பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக் கட்ட ஆவாரம்பூவும் கண்ணுப்பிள்ளையும் முன்பு சந்தையில் வாங்கி வருவோம். இப்போது தெருவே எங்கள் வாசலில் வந்து பறித்துக்கொண்டு போகிறது. எனக்கு அதில் இருக்கும் சந்தோஷம் கொஞ்சநஞ்சம் அல்ல.

மூன்றாம் வருஷம் ஆவாரை இலையெல்லாம் பச்சைப் புழு. ஒரு செடி முழுக்க மொட்டையாகிவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி மருந்தடிக்கச் சொன்னார். கை வரவில்லை. பத்து நாளில் புழுக்களைக் காணோம், சுவரோரம் பச்சைக் கூட்டுப்புழுக்கள் தொங்கின. பிறகு ஒரு காலையில் வெளிறிய பச்சையும் வெள்ளையுமாகப் பட்டாம்பூச்சிகள் கிளம்பின. மொட்டையான செடி மூன்று வாரத்தில் மறுபடி துளிர்த்தது.

நொச்சி வேலியாக நிற்கிறது, வருஷம் இரண்டு முறை கவாத்து செய்வதைத் தவிர வேலை இல்லை. பிரண்டை, தூதுவளை, முடக்கத்தான் மூன்றும் மதில் ஓரம். புங்கன் நிழல் கொடுக்க ஆரம்பித்த பிறகு அதன் அடியில் மண் வெடிப்பதே குறைந்துவிட்டது.

தோற்றது வெட்சி. நம்மூர்ச் செடி, கோயில் பூ, நிச்சயம் வரும் என்று ஆசையாக நாலு வைத்தேன். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. எங்கள் கரிசலில் சுண்ணாம்பு அதிகம், இரும்புச்சத்தை அந்தச் செடியால் எடுக்க முடியவில்லை. இரண்டு வருஷம் போராடிவிட்டுச் செம்மண் காட்டில் இருக்கும் அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அங்கே கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. நாட்டுச் செடி என்று சொல்லி விற்பதையெல்லாம் வாங்கும் முன், உங்கள் ஊர் கண்மாய்க் கரையிலும் காட்டோரத்திலும் தானாக நிற்கிறதா என்று பாருங்கள். நித்தியகல்யாணி நம் தெருவெல்லாம் நிற்கிறது, பூர்வீகம் மடகாஸ்கர். இருந்தாலும் தண்ணீர் கேட்காமல் பூக்கிறது, அதனால் எங்கள் வீட்டில் அதற்கும் இடம் உண்டு. மல்லிகையும் எலுமிச்சையும் தண்ணீர் கேட்கும்தான், அவற்றை விட மனசில்லை. காய்கறிப் பாத்தியில் ஐப்பசியிலிருந்து மாசி வரை கத்தரி, வெண்டை போடுவேன். கோடையில் தொலி போட்டு மூடி வெறுமனே விட்டுவிடுவேன்.

வறட்சிக்காகவே போட்ட தோட்டத்தை வெள்ளம் அடித்த கதையும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18-ல் எங்கள் மாவட்டமே மூழ்கியது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. எங்கள் தோட்டத்தில் ஒரு வாரம் தண்ணீர் வடியவில்லை. கரிசல் குடித்த தண்ணீரை லேசில் விடாது. வறட்சியைத் தாங்கிய ஆவாரையில் மூன்று வேரழுகிச் செத்தன. பிரண்டை அடித்தண்டு கூழாகிவிட்டது. நொச்சி அசையவில்லை. வறட்சியை மட்டும் நினைத்துத் தோட்டத்தை வாசலைவிடத் தாழ்வாக, தண்ணீர் தேங்கும்படி அமைத்தது என் தவறு. இப்போது செடிகள் எல்லாம் முக்கால் அடி மேட்டில் நிற்கின்றன. நடுவில் ஒரு வாய்க்கால், மிஞ்சின மழைநீர் அதன் வழியே போரை ஒட்டிய உறிஞ்சுகுழிக்குப் போகும். மாடித் தண்ணீரை வடிகட்டித் தரைத்தொட்டியில் சேர்க்கிறோம். எண்ணூறு சதுர அடி மாடிக்கு ஒரு செ.மீ. மழை பெய்தால் அறுநூறு லிட்டருக்குக் குறையாது. அந்த இனிப்புத் தண்ணீரை மாதம் ஒருமுறை குழாயில் விட்டால் டிரிப்பரைச் சுற்றி வெள்ளை வளையமாகப் பூக்கும் உப்பு கரைந்து இறங்குகிறது.

கணக்கு கேட்பவர்களுக்கு: புல் இருந்தபோது வாரம் மூவாயிரத்து ஐநூறு லிட்டர். குழாய் போட்ட முதல் கோடையில் வாரம் நானூற்று இருபது. இப்போது கோடையில் திறந்திருப்பது பதினாறு டிரிப்பர், வாரம் நூற்று அறுபது லிட்டர். மற்ற இருபத்தாறு ஓட்டையையும் டம்மி போட்டு அடைத்துவிட்டேன்.

வெள்ளத்தில் செத்த ஆவாரைகளின் விதை 2024 தையில் வாய்க்கால் மேட்டில் தானாக முளைத்தது, ஏழெட்டுக் கன்று. மூன்றை விட்டுவிட்டு மற்றவற்றைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தேன். அந்த மூன்றுக்கும் குழாய் இழுக்கவில்லை. அத்தை சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். இந்தச் சித்திரையில் ஒன்றில் முதல் பூ வந்தபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்: "பாத்தியா தாயி, இதுக்குப் பாலே குடுக்கல."