தளம் கொடுத்தவர், விலகிப் போனவர், நடுவில் நின்றவர்: 1948-இன் மூன்று பிரதமர்கள்

1947 ஆகஸ்டு 15-க்கும் 1948 பிப்ரவரி 4-க்கும் இடைப்பட்ட ஆறு மாதத்துக்குள் இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய மூன்று அண்டை நாடுகளும் ஒரே ஆட்சியாளரிடமிருந்து விடுபட்டன. நேரு, ஊ நூ, டி.எஸ். சேனநாயக்கா ஆகிய மூவர் முன்னும் நின்ற முதல் கேள்வி ஒன்றுதான்: வெளியேறுகிற பிரிட்டனோடு இனி எவ்வளவு உறவு வைத்துக்கொள்வது? மூவரும் மூன்று விடைகளைத் தேர்ந்தார்கள். அவற்றைக் கொள்கை வேறுபாடாகவே பலரும் விளக்குகிறார்கள். எனக்கோ, ஒவ்வொருவரும் யாரைக் கண்டு அஞ்சினார் என்பதே அந்த விடைகளைத் தீர்மானித்ததாகத் தோன்றுகிறது. (பாகிஸ்தானை இங்கே சேர்க்கவில்லை, அமெரிக்கக் கூட்டணியை நாடிய அதன் பாதை தனியே பேச வேண்டியது.)

சேனநாயக்கா அஞ்சியது இந்தியாவைக் கண்டு. அந்த அச்சம் ஆதாரமற்றதென்று தள்ளிவிட முடியாது. இலங்கை வருங்காலத்தில் இந்தியக் கூட்டாட்சியின் ஒரு தன்னாட்சி அலகாக இணையக்கூடும் என்று 1945-இல் நேருவே பேசியிருந்தார். ஆகவே விடுதலைக்கு மூன்று மாதம் முன்னதாக, 1947 நவம்பரிலேயே சேனநாயக்கா பிரிட்டனோடு பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்டார். திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும் பிரிட்டிஷார் கையிலேயே தொடர்ந்தன. படை திரட்டப் பணமில்லாத சிறிய தீவுக்கு இது மலிவான காப்பீடு என்பது அவர் கணக்கு.

பர்மாவின் கணக்கு நேர் எதிரானது. பிரிட்டனும் அதன் ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகளும் சேர்ந்த காமன்வெல்த்தில், பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசம் சொல்லாமல் இருக்க அன்று வழியில்லை. ஆங் சான் தலைமையில் இருந்த பர்மிய விடுதலை இயக்கமோ 1947 மே மாதமே குடியரசு என்று முடிவெடுத்துவிட்டது. ஜூலை 19-இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு பொறுப்பேற்ற ஊ நூவால் அதிலிருந்து பின்வாங்க முடியாது. பின்வாங்கினால் கம்யூனிஸ்டுகள் அவரைப் பிரிட்டனின் கையாள் என்று தூற்றுவார்கள். சோதிடர்கள் குறித்துக்கொடுத்தபடி 1948 ஜனவரி 4 அதிகாலை 4.20 மணிக்குப் பர்மா விடுதலை பெற்றது, காமன்வெல்த்தையும் விட்டு வெளியேறியது.

நேருவுக்கு ஒரு சாதகம் இருந்தது: இந்தியாவை இழக்கப் பிரிட்டன் விரும்பவில்லை. 1949 ஏப்ரல் லண்டன் பிரகடனம் மன்னரை ‘சுதந்திர நாடுகளின் கூட்டுறவுக்கு அடையாளம்’ என்று மட்டும் ஏற்றுக்கொண்டு, குடியரசான இந்தியா உள்ளேயே இருக்க வழி செய்தது. பர்மா வெளியேறிப் பதினாறு மாதம்கூட ஆகவில்லை. ஊ நூ காத்திருந்திருக்கலாம் என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: பர்மாவின் கனத்துக்காக லண்டன் விதியைத் திருத்தியிருக்காது.

காகிதத்தில் இருந்த வேறுபாடு களத்தில் இவ்வளவு கூர்மையாக இல்லை. விலகிப் போன பர்மா, தன் படைக்குப் பயிற்சி தரப் பிரிட்டிஷ் ராணுவக் குழு ஒன்றைச் சில ஆண்டுகள் வைத்துக்கொண்டது. அணிசேராமையைப் பேசிய இந்தியாவின் கடற்படைக்கு 1958 வரை பிரிட்டிஷ் அதிகாரியே தலைமை தாங்கினார்.

இனி விலைக்கு வருவோம். இலங்கை செலுத்திய முதல் விலை ஐ.நா. இருக்கை. அந்நியத் தளங்களை வைத்திருக்கும் நாடு உண்மையில் சுதந்திர நாடல்ல என்று சோவியத் ஒன்றியம் வீட்டோ என்ற தடை அதிகாரத்தைப் பயன்படுத்தியது. 1955 டிசம்பர் வரை இலங்கைக்கு இடம் கிடைக்கவில்லை. தனி வழி போன பர்மாவோ 1948 ஏப்ரலிலேயே உள்ளே நுழைந்துவிட்டது.

ஆனால் இந்த இழப்பே எதிர்பாராத ஒரு கதவைத் திறந்தது. கொரியப் போர்ச் சூட்டில் ஏறிய ரப்பர் விலை பிறகு சரிந்தது, அரிசி விலை உயர்ந்தது. உண்ணும் அரிசியில் பாதிக்கும் மேல் இறக்குமதி செய்த தீவு இரண்டு பக்கமும் நெருக்கப்பட்டது. போர்த்தளவாட உற்பத்திக்கு உதவும் பொருள்களைச் சீனாவுக்கு அனுப்பக் கூடாது என்று ஐ.நா. பொதுச் சபை 1951 மே மாதம் பரிந்துரைத்திருந்தது. உறுப்பினராகாத இலங்கையை அது கட்டுப்படுத்தவில்லை. சேனநாயக்கா 1952 மார்ச்சில் குதிரையிலிருந்து விழுந்து இறந்த பிறகு பிரதமரான அவர் மகன் டட்லி, அதே ஆண்டு டிசம்பரில் சீனாவோடு ஐந்தாண்டு ரப்பர் - அரிசி ஒப்பந்தம் செய்தார்: ஆண்டுக்கு 50,000 டன் ரப்பர், பதிலுக்கு 2,70,000 டன் அரிசி. அமெரிக்கா உதவியை மறுத்தது. கம்யூனிசத்தை வெறுத்த கட்சி, பிரிட்டிஷ் கடற்படை தன் துறைமுகத்தில் நிற்கும்போதே பீக்கிங்கோடு (இன்றைய பெய்ஜிங்) பண்டமாற்று நடத்தியது. தந்தை வாங்கிய காப்பீடு எந்த ஆபத்துக்கும் பயன்படாமல் கிடக்க, உண்மையான ஆபத்து அரிசி மூட்டை வடிவில் வந்தது.

பர்மாவின் விலை எல்லையில் தெரிந்தது. சீன உள்நாட்டுப் போரில் கம்யூனிஸ்டுகளிடம் தோற்ற கோமின்டாங் என்ற தேசியவாதக் கட்சியின் படைகள் பர்மாவின் ஷான் பகுதிக்குள் நுழைந்து, 1953-க்குள் சுமார் 12,000 பேராகப் பெருகின. அவற்றுக்கு மறைமுகமாக உதவியது அமெரிக்கா. அவற்றைத் துரத்தும் சாக்கில் பீக்கிங் உள்ளே வந்துவிடுமோ என்பது ரங்கூனின் கவலை. எந்த வல்லரசு அணியிலும் சேராத ஊ நூ செய்தது துணிவானது: 1953-இல் அமெரிக்க உதவியை நிறுத்தச் சொல்லிவிட்டு ஐ.நா.விடம் முறையிட்டார். படைகளில் ஒரு பகுதிதான் வெளியேறியது. ஆனால் பர்மா யாருக்கும் தளமாகவில்லை என்பதைச் சீனா குறித்துக்கொண்டது. 1960-இல் இரு நாட்டுக்கும் எல்லை உடன்படிக்கை கையெழுத்தானது. சீன எல்லையில் சச்சரவு வளர்ந்துகொண்டிருந்த டெல்லிக்கு அது கிடைக்கவே இல்லை. 1962 நவம்பரில், சீனாவோடு நடந்த போரில் ராணுவ உதவி கேட்டு நேரு அமெரிக்க அதிபர் கென்னடிக்கு எழுதிய கடிதங்கள் அவரது நடுவழியின் விலைச்சீட்டு.

என் தீர்ப்பு இது: நேருவின் வழி மூன்றிலும் சிறந்தது, ஆனால் அது பெரிய நாட்டுக்கு மட்டுமே திறந்திருந்த வழி. சிறிய நாடுகளுக்குள் ஊ நூவின் தேர்வையே மதிப்பேன். சேனநாயக்காவின் பிழை தளங்களைக் கொடுத்ததல்ல. 1957-இல் பிரதமர் பண்டாரநாயக்கா பேச்சுவார்த்தை மூலமே இரண்டையும் மீட்டுவிட்டார், ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. தளம் கொடுக்கத் தூண்டிய அதே இந்திய அச்சம், இந்திய வம்சாவளி மலையகத் தோட்டத் தொழிலாளரையும் டெல்லியின் கையாட்களாகப் பார்க்க வைத்ததே பெரிய பிழை. 1947 டிசம்பரில் நேருவோடு நடந்த பேச்சு முறிய, 1948 குடியுரிமைச் சட்டம் சுமார் 7 லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று பங்கு பிரித்தார்கள். எஞ்சிய 1,50,000 பேரைப் பாதிப் பாதியாகப் பிரிக்க இன்னும் பத்தாண்டு பிடித்தது. திருகோணமலை பத்தாண்டில் திரும்பி வந்தது. விடுபட்டுப்போன மலையகத் தமிழருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தை இலங்கை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2003-இல்.